மச்சான் தொங்கினான், மெசின் சரிந்தது

என் உழவு மெசினுக்கு முன்னால் ஒரு மனிசன் ஆகாயத்தில் தொங்கிக்கொண்டு போகிறான். முதுகில் கொக்கி, தொடையில் கொக்கி, கழுத்தில் வேப்பிலை மாலை. அவன் நிழல் றோட்டில் விழுந்து என் முன் சில்லுக்கு முன்னால் ஓடுகிறது. டீசல் புகையும் கற்பூரப் புகையும் ஒன்றாக மூக்கில் ஏறுகிறது. பறைமேளத்தின் சத்தத்தில் என் மெசினின் சத்தம் எனக்கே கேட்கவில்லை.

தொங்குகிறவன் குணம். என் மனிசி பூமணியின் கூடப்பிறந்த அண்ணன், எனக்கு மச்சான். ஓட்டுகிறவன் நான். வலது பக்கப் பின் சில்லை மூடுகிற மட்காட்டில், மடியில் வேப்பிலைக் கட்டோடு இருக்கிறவள் பூமணி.

இது போன வருசத்துக்கு முந்தின வருசம், எங்கள் ஊர் அம்மாள் கோயில் சடங்கு நாள். வாவிப் பக்கம் பார்த்தால் தண்ணீர் கண்ணைக் கூசியது. கச்சான் காற்று அடித்தது. பெண்கள் குரவை போட்டார்கள். எல்லாம் நல்லபடி போய்க்கொண்டிருந்தது.

மிச்சத்தைச் சொல்வதற்கு முதல் கொஞ்சம் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். என்னைத் தெரியாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

துவாயோடு வந்தவன்

போன கிழமை நான் எழுதிய நெல்லு மில் கதையை வாசித்துவிட்டு ஒருவர் போனில் கேட்டார்: "ஐயா, நீங்க எழுதுறதில பாதி புளுகுதானே?"

பாதி இல்லை. உண்மை பெருமையாக இருந்தால் நான் என்ன செய்ய?

மூன்றாம் வகுப்பில் வாத்தியார் வருவதை நிறுத்தினார், நானும் நிறுத்தினேன். அதோடு என் படிப்பு முடிந்தது. வெல்லாவெளிக்கு அங்கால் ஒரு போடியாரின் வட்டையில் முல்லைக்காரனாக நின்றேன். போடியார் என்றால் பெரிய நிலக்காரர், வட்டை என்றால் வயல்வெளி. முல்லைக்காரன் என்றால் போடியாரின் வயலைக் காத்து, வாடிக் குடிசையில் படுத்து, பன்றிக்கும் யானைக்கும் கத்துகிற ஆள். அந்த வட்டைக்கு முதல் முதல் உழவு மெசின் வந்தபோது, ஓட்டி வந்தவர் தேத்தண்ணி குடிக்க இறங்கினார். அவர் கோப்பையை வாங்க முதல் நான் ஆசனத்தில் ஏறிவிட்டேன். அன்றைக்கு ஏறினவன்தான். இன்னும் இறங்கவில்லை.

இன்றைக்கு என் வளவில் எத்தனை மெசின் நிற்கிறது என்று எழுதினால் கண்ணூறு படும் என்று பூமணி சொல்லுகிறாள். ஆகவே எழுதவில்லை. நிறைய நிற்கிறது.

என் வளவு என்று எழுதிவிட்டேன். அது பூமணியின் வளவு. எங்கள் பக்கம் கலியாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். வீடும் வளவும் பெண்ணுக்குத்தான். நான் போகும்போது ஒரு சாரமும் ஒரு துவாயும் கொண்டு போனேன். அதைக் குணம் இன்றுவரை மறக்கவில்லை. கூட்டம் கூடின இடத்தில் நான் கொஞ்சம் நிமிர்ந்து பேசினால் போதும், பின்னாலிருந்து சத்தம் வரும்:

"என்ன கா துவாய் மச்சான், மழை வரும் போல கிடக்கு, துவாயை எடுத்துத் தலையில போடு."

நானும் விடுவதில்லை. குணத்துக்கு மெசின் ஓட்ட வராது. கிளச்சை விட்டால் தவளை மாதிரிப் பாய்வான். ஆனால் கை காட்டுவதில் அவனை வெல்ல ஆள் இல்லை. நெல்லு மூட்டை ஏற்றின இழுவைப் பெட்டியை ஒடுங்கின வரம்பில் பின்னுக்கு எடுக்கும்போது, அவன் எனக்கு முன்னால் தூரத்தில் நின்று கையால் சொல்லுவான். பொத்தின கை தலைக்கு மேலே போனால் நிற்பாட்டு. விரல் நாலும் பின்னுக்குச் சுண்டினால் பின்னால் எடு. இத்தனை வருசத்தில் அவன் கையை நம்பி நான் ஒரு வரம்பைக்கூட உடைத்ததில்லை.

மூன்று கால்

மெசினுக்கு நாலு சில்லு என்று எல்லாரும் சொல்லுவார்கள். நான் மூன்று கால் என்றுதான் சொல்லுவேன். நம்பாதவர்கள் குனிந்து முன் பக்கத்தைப் பாருங்கள். முன் சில்லு இரண்டையும் தாங்குகிற அச்சு, நடுவில் ஒரே ஒரு ஆணியில் நிற்கிறது. தராசுத் தண்டு மாதிரி அது ஆடும். ஒரு சில்லு பள்ளத்தில் இறங்கினால் மற்றது மேலே ஏறும். ஆகவே மெசின் உண்மையாக நிற்பது பின் சில்லு இரண்டிலும், முன்னால் அந்த ஒரு ஆணியிலும்.

அடுப்புக் கல்லும் மூன்றுதானே. பாரம் மூன்று கல்லுக்கும் நடுவில் இருக்குமட்டும் பானை விழாது. ஆனால் பாரத்தை உயர்த்தி உயர்த்தி வைத்துப் பாருங்கள். கொஞ்சம் சரிந்தாலே பாரம் கல்லுக்கு வெளியே எட்டிப் பார்க்கும். எட்டிப் பார்த்தால் முடிந்தது.

அந்த ஆணியில் ஒரு கள்ளமும் இருக்கிறது. முன் சில்லு கரையை விட்டு இறங்கும்போது ஆசனத்தில் இருக்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. அச்சு தான் சரிந்துகொண்டு மெசினை நேரே வைத்திருக்கும். சரியக்கூடிய மட்டும் சரிந்து முடிந்த பிறகுதான் முழு மெசினும் திடும் என்று சாயும். நல்ல ஓட்டக்காரன்தான் இதில் ஏமாறுவான். தன் இடுப்பை நம்புகிறவன் அவன்.

சரிவில் மெசின் சாய்ந்தால் பள்ளத்துப் பக்கம் கிறுக்க வேண்டும், மேட்டுப் பக்கம் கிறுக்கக் கூடாது. கிறுக்குவது என்றால் எங்கள் பக்கம் திருப்புவது. இது தெரியாமல், வயல் பார்க்க வந்த யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் என்னோடு கோபித்துக்கொண்டார். மெசினில் ஏறி ஓடிப் பார்த்தார், சரிவில் போனார். நான் வரம்பில் நின்று "கிறுக்குங்க ஐயா, கிறுக்குங்க!" என்று கத்தினேன். அவர் மெசினை நிற்பாட்டி, இறங்கி வந்து, "ஆரைக் கிறுக்கன் எண்டு சொல்லுறீர்?" என்று கேட்டார். நல்ல வேளை, நிற்பாட்டினார்.

எல்லாரும் நிற்பாட்டுவதில்லை. எங்கள் வட்டையில் ஒரு இளந்தாரி பாலை மரக்குத்தி ஒன்றை இழுத்தான். கீழே கொக்கி இருக்க, சங்கிலியை மேலே, தன் முதுகுக்குப் பின்னால் கட்டினான். குத்தி அசையவில்லை, சில்லு சுற்றவில்லை, மெசினின் முன் பக்கம் எழும்பியது. நாங்கள் வரம்பில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு நின்றோம். கோப்பையைக் கீழே வைப்பதற்குள் முடிந்துவிட்டது. அவன் தாயிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அதைப் பற்றி இவ்வளவுதான் எழுத ஏலும்.

ஆர் காப்பாற்றியது?

சடங்குக்கு முந்தின மாரியில் பூமணி குசினியில் விழுந்தாள். இருதயத்தில் கோளாறு. டாக்டர் சொன்ன பெயர் இன்றைக்கும் என் வாயில் வராது. நெஞ்சைத் திறந்துதான் செய்ய வேண்டும் என்றார்கள். கொழும்புக்குக் கொண்டு போனேன். ஆஸ்பத்திரி வாங்கில் இருந்தபடியே நித்திரை கொண்டேன். எனக்குத் தெரிந்த சாமி எல்லாரையும் கூப்பிட்டேன், ஆனால் வாக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்கவேணும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

குணத்துக்குத் தோன்றியிருக்கிறது. ஊரில் அம்மாள் கோயில் வாசலில் நின்று, நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டான்: "என்ட தங்கச்சி தன்ட காலால நடந்து வீட்டுக்குள்ள வந்தா, அம்மாளே, நான் பறவைக்காவடியில தொங்கி வாறன்."

பூமணி நடந்து வந்தாள். வாசலில் வாழைக்குலை கட்டி, குணம் முன்னால் நின்றான்.

"பார்த்தியா மச்சான், என்ட அம்மாள் காப்பாத்தித் தந்திட்டா."

"டாக்டர் காப்பாத்தினார். அவரிட்டக் கொண்டு போனது நான்."

"கொண்டு போனது வான் வண்டி. நீ அதுக்குள்ள இருந்த."

பூமணி படியில் நின்றபடி சொன்னாள்: "ரெண்டு பேரும் வாயை மூடுங்க. அப்பதான் நான் உண்மையா பிழைப்பன்."

குணத்துக்கு அறுபது தாண்டிவிட்டது. பாற்குடம் எடு, அதுவும் நேர்த்திக்கடன்தானே என்று ஊரே சொன்னது. அவன் கேட்கவில்லை. "வாக்குக் குடுத்தது வாய். அதுக்கு முதுகுதான் பொறுப்பு" என்றான். இன்னொன்றும் சொன்னான், எனக்கு மட்டும், வளவுக்குப் பின்னால் வைத்து. கோயில் வாசலுக்குப் போய்ச் சேராத காவடி, தூக்கின ஆளைப் பிடிக்காதாம். யாருக்காக வைத்த நேர்த்தியோ அவரைத்தான் திரும்பப் பிடிக்குமாம்.

"சும்மா கதை" என்றேன்.

"சும்மா கதையா இருக்கட்டும். நீ என்னை வாசலுக்குக் கொண்டு போய் விடு. பூமணியிட்டச் சொல்லாத."

நான் சொல்லவில்லை. ஆனால் அந்த நிமிசத்திலிருந்து எனக்கும் அந்தக் கதை சும்மா கதையாகத் தெரியவில்லை.

உயரம்

முந்தின வருசம் வடக்குத் தெருக்காரர் கொண்டு வந்த காவடி நல்ல உயரம். குணத்துக்கு அது கண்ணுக்குள்ளேயே நின்றது.

"கரண்டுக் கம்பிக்குக் கீழ, மற்ற எல்லாத்துக்கும் மேல. அதுதான் நமக்கு வேணும்" என்றான்.

மெசினின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் பூட்டி, மேலே ஒரு நீளத் தடி படுக்கும். தடியின் முன் நுனியில் ஆள் தொங்குவார். பின் நுனியில் கயிறு கட்டி, மெசினுக்குப் பின்னால் நடக்கிறவர்கள் பிடித்துக்கொள்ளுவார்கள். அவர்கள் இழுத்து விட, முன்னால் தொங்குகிறவர் மேலும் கீழுமாகப் பறப்பார். சட்டம் ஒட்டுவதற்கு ஓட்டமாவடியிலிருந்து எங்கள் வெல்டிங்காரக் காக்கா வந்தார்; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். என் மெசினில் வேறு ஆள் கை வைக்க நான் விடுவதில்லை, அவரைத் தவிர. குணம் கேட்ட உயரத்தை அளந்து பார்த்துவிட்டுக் காக்கா கண்ணாடியைக் கழற்றினார்.

"பறவைக்காவடி எண்டா ஆள்தானே பறக்கணும்? மெசினையும் பறக்க விடப் போறீங்களா?"

நான் ஒரு முழம் குறை என்றேன். குணம் அரை முழம் என்றான். மீன்கடையில் பேரம் பேசுகிற மாதிரிப் பேசி, ஒரு முழம் குறைத்தோம். குணம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அதற்குப் பிறகு தெருப் பொடியன்கள் வந்து உச்சியில் வாழை மரம், இளநீர்க் குலை, ஒலிபெருக்கிக் குழாய் என்று ஏற்றத் தொடங்கினார்கள். குழாயையும் இளநீரையும் நானே ஏறிக் கழற்றினேன். வாழையை மட்டும் விட்டேன்.

பிறகு பின் ரயர் இரண்டுக்கும் முக்கால்வாசி தண்ணீர் அடித்தேன். பாரம் கீழே இருந்தால் மெசின் குந்தி இருக்கும். அதோடு பின் சில்லு இரண்டையும் கழற்றிப் புரட்டிப் பூட்டினேன். அப்படிப் பூட்டினால் சில்லுக்கும் சில்லுக்கும் இடை அகலும். கால் அகட்டி நிற்கிறவனைத் தள்ளி விழுத்துவது கஷ்டம்தானே. அன்றைக்கு மட்டக்களப்பு மாவட்டத்திலேயே அகலமாக நின்ற மெசின் என் மெசின்தான். இதில் புளுகு இல்லை.

மட்காட்டில் ஆள் ஏற்றக் கூடாது என்று ஊருக்குச் சொல்லுகிறவன் நான். ஆனால் டாக்டர் பூமணிக்குத் தூரம் நடக்கக் கூடாது என்றுவிட்டார். வீட்டில் இருந்து பார் என்றேன்.

"என்ட அண்ணன் எனக்காகத் தொங்கக்குள்ள நான் வீட்டில இருந்து பார்க்கவா?" என்று பூமணி கேட்டாள். கேட்டுக்கொண்டே ஏறிவிட்டாள். அவள் பிடித்துக்கொள்ள ஒரு இரும்புக் கம்பியை ஒட்டித் தரும்படி காக்காவிடம் சொன்னேன். அதற்குமேல் எனக்குச் சொல்ல ஏலாது. வளவு அவளுடையது.

உரு

பிள்ளையார் கோயிலடியில் தொடங்கி வாவிக் கரையோரமாக வந்தோம். குணத்தின் வாயில் வெள்ளி வேல் குத்தியிருந்தது. குணம் வாய் திறக்காமல் இவ்வளவு நேரம் இருந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். மெசினுக்குப் பக்கத்தில் எங்கள் கோயில் வண்ணக்கர் நடந்தார். வண்ணக்கர் என்றால் கோயில் நிர்வாகத் தலைவர். எங்கள் வண்ணக்கர் தேகத்திலும் ஊரில் தலைவர்தான். நல்ல பாரமான மனிசன்.

அம்மாள் கோயில் கோபுரம் தெரிகிற இடத்தில் ஒரு மதகு இருக்கிறது. வயலுக்குப் போகிற வாய்க்கால் றோட்டுக்குக் கீழே ஓடும். போகம் செய்கிற காலம், தண்ணீர் நிறைய வந்துகொண்டிருந்தது. எருமைகள் இறங்கி ஏறி, இடது பக்கக் கரையை உள்ளுக்குள் அரித்து வைத்திருந்தன. மேலே புல்லு மூடியிருந்தது. பார்த்தால் நல்ல றோட்டு.

என் மெசின் அகலம். மதகு ஒடுக்கம். இடது சில்லு புல்லுக்கு மேலே போனது.

எனக்கு ஒன்றும் தெரியவில்லை. ஆசனம் நேரே இருந்தது. முன்னால் பார்த்தால், குணத்தின் உடம்பு துடிக்கிறது. காலை உதறுகிறான். கையை வீசுகிறான்.

"உரு வந்திட்டு! அம்மாள் வந்திட்டா!" என்று ஒருவர் கத்தினார்.

அவ்வளவுதான். குரவை காதைக் கிழித்தது. பறைமேளம் வேகம் பிடித்தது. பின்னால் கயிறு பிடித்தவர்கள் அம்மாளே அம்மாளே என்று இன்னும் பலமாக ஆட்டினார்கள். குணம் மேலே போகிறான், கீழே வருகிறான். அவன் உதற உதற இவர்கள் ஆட்டினார்கள். வண்ணக்கர் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு கண்ணை மூடிவிட்டார்.

நானும் முதலில் உரு என்றுதான் நினைத்தேன். கும்பிடக் கை எடுக்கப் போனேன். அப்போதுதான் அந்தக் கையைப் பார்த்தேன்.

பொத்தின கை. பிடரிக்கு மேலே. பிறகு விரல் நாலும் பின்னுக்குச் சுண்டுகிறது. திரும்பவும் பொத்தின கை. திரும்பவும் விரல் நாலும்.

அம்மாளுக்கு அந்தக் கை தெரியாது. இது குணம்.

முகம் கீழே பார்க்கத் தொங்கினவன் அவன் ஒருவன்தான். என் முன் சில்லு போகப் போகிற இடத்தில் கரை இடிந்து தண்ணீருக்குள் விழுவதை அவன் மட்டும்தான் கண்டான். வாயில் வேல். கத்த ஏலாது. கையால் கத்தினான். ஊர் அதைக் கும்பிட்டது.

பின்னுக்கு எடுங்க

மெதுவாகக் கிளச்சை மிதித்தேன். மெசின் நின்றது. நின்ற அந்த நேரம் அச்சு சரிந்து முடிந்து, திடும் என்று முழு மெசினும் இடது பக்கம் சாய்ந்தது. பின் இடது சில்லுக்குக் கீழேயும் மண் கரைந்தது. எனக்கு எதிரே எப்போதும் நேரே நிற்கிற வாவிக் கோடு, மெசின் மூடிக்குக் குறுக்கே சரிவாகக் கிடந்தது. இடது பக்கம் கிறுக்கினால் வாய்க்கால். வலது பக்கம் கிறுக்கினால் புரட்டும்.

"பூமணி, குதி!" என்றேன்.

அவள் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். "நான் குதிச்சா இந்தப் பக்கம் இலேசாப் போகும்" என்றாள்.

ஆஸ்பத்திரி அவளைப் பாதியாக்கித்தான் அனுப்பியிருந்தது. அவள் பாரம் ஒரு மூட்டைக்கும் காணாது. ஆனால் சொன்னது சரி. இத்தனை வருசம் என் மெசினில் இருந்தவளுக்குத் தெரியாமல் போகுமா?

"ஆட்டாதீங்க! கயிற்றை இறுக்கிப் பிடிங்க!" என்று பின்னால் பார்த்துக் கத்தினேன். மேளம் நின்றது. வண்ணக்கர் கண்ணைத் திறந்தார்.

"ஏன் நிப்பாட்டின?"

"கரை போகுது. பின்னுக்கு எடுக்கணும்."

வண்ணக்கரின் முகம் மாறியது. "காவடி பின்னுக்கு வரக் கூடாது. எங்கட கோயில்ல அப்பிடி ஒரு நாளும் நடக்கல்ல. முன்னுக்கு எடு, அம்மாள் பார்ப்பா."

பூசாரியாரும் அதையே சொன்னார். கூட்டத்தில் பாதிப் பேர் முன்னுக்கு என்றார்கள், பாதிப் பேர் பின்னுக்கு என்றார்கள். எனக்குக் காதில் விழுந்தது குணம் வளவுக்குப் பின்னால் சொன்னது மட்டும்தான். போய்ச் சேராத காவடி யாரைப் பிடிக்கும் என்று. கியர்த் தடியில் கை இருக்கிறது. கை அசையவில்லை. இந்தப் பகுதியில் என்னைவிட மெசின் தெரிந்தவன் இல்லை. ஆனால் அந்த நேரம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு உதவிக்கும் இல்லை. முன்னுக்கு எடுத்தால் மச்சான். பின்னுக்கு எடுத்தால் மனிசி.

மட்காட்டிலிருந்து குரல் வந்தது.

"வண்ணக்கர் அண்ணன், இது ஆருக்கு வைச்ச நேர்த்தி?"

"உனக்குத்தான் தங்கச்சி."

"அப்ப நான் சொல்லுறன். பின்னுக்கு எடுக்கட்டும்."

"அம்மாள் கோவிப்பா."

"கோவிச்சா என்னோட கோவிக்கட்டும். என்ட அண்ணன்ட கதை எனக்கும் தெரியும். அவர் வளவுக்குப் பின்னால நிண்டு ரகசியம் சொன்னா முன் தெருவுக்குக் கேட்கும். நீங்க கதைச்சுக் கொண்டு நிக்காம இந்தப் பக்கம் ஏறுங்க. பாரம் வேணும்."

 வண்ணக்கர் வேட்டியை மடித்துக் கட்டினார். வலது பக்கப் படியில் ஏறிக் கம்பியைப் பிடித்து வெளியே சாய்ந்து தொங்கினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் ஏறினார்கள். கயிற்றுக்காரர் கயிற்றை விடாமல், எனக்கு வழி விட்டு இரண்டு பக்கமும் பிரிந்து, பின்னாலே நடக்க ஆயத்தமானார்கள்.

பின் கியர் போட்டேன். கிளச்சை நூல் நூலாக விட்டேன். பிரேக்கில் கால் வைக்கவில்லை. ஸ்டேரிங்கை அசைக்கவில்லை. சில்லு ஒரு முறை வழுக்கி மண்ணைத் துப்பியது. பூமணி ஏதோ முணுமுணுத்தாள், அம்மாளையா மெசினையா கேட்டாள் என்று எனக்குத் தெரியாது. பிறகு தண்ணீர் அடித்த ரயர் கல்லைக் கவ்வியது. மெசின் வந்த வழியே, ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக, தன் கால்களை எடுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் நல்ல தரைக்கு வந்து நின்ற பிறகு, மதகின் இடது கரை முழுக்கத் தண்ணீருக்குள் போனது.

 

சில்லை அகலமாக்கினதால்தான் மெசின் புரளவில்லை என்று நான் சொல்லுவேன். அகலமாக்கினதால்தான் கரைக்குப் போனது என்று பூமணி சொல்லுவாள். இதை எழுதும்போதும் பக்கத்தில் நின்று சொல்லுகிறாள். இரண்டும் உண்மை. ஆனால் என் உண்மை பெரியது.

கயிறு

தடியைத் தாழ்த்திக் குணத்தை நிலத்தில் நிறுத்தினார்கள். அவன் கோபுரத்தைப் பார்த்தான். உடைந்த மதகைப் பார்த்தான். பிறகு தங்கச்சியைப் பார்த்தான். கண்ணால் தண்ணீர் ஓடி வேலில் இறங்கியது. முதுகில் கொக்கி ஏற்றும்போது முகம் சுளிக்காத மனிசன். மெசின் மதகைத் தாண்டாது, காவடி போய்ச் சேராது, எல்லாம் பிழைத்துவிட்டது என்று அந்த முகத்தில் எழுதியிருந்தது.

பூமணி இறங்கி அவனுக்கு முன்னால் போய் நின்றாள். "என்ன அண்ணன் அழுறீங்க? தொங்கி வாறன் எண்டுதானே சொன்னீங்க. இவ்வளவு தூரம் தொங்கியாச்சு. மிச்சத்துக்கு நடந்து வர மாட்டன் எண்டு அம்மாளிட்டச் சொன்னீங்களா?"

குணம் இல்லை என்று தலையை ஆட்டினான்.

வண்ணக்கர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு பூசாரியாரைப் பார்த்தார். பூசாரியார் வானத்தைப் பார்த்தார். கடைசியில் வண்ணக்கரே தொண்டையைச் செருமிச் சொன்னார்: "கொக்கி கழட்டாம, கயிறு விடாம நடந்து போனா அதுவும் காவடிதான். ஆனா பின்னால கயிறு பிடிக்கிறது மச்சான் முறைக்காரனா இருக்கணும்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

மெசினை நடு றோட்டில் விட்டேன். திறப்புச் சாவியைக்கூடக் கழற்றவில்லை. வெறுங்காலோடு சுடு மணலில் நின்று, குணத்தின் முதுகுக் கொக்கிகளிலிருந்து வந்த கயிறுகளைக் கையில் சுற்றிக்கொண்டேன். மதகின் வலது ஓரத்தால் ஆட்கள் நடக்க இடம் இருந்தது. மேளம் திரும்பவும் தொடங்கியது. குணம் முன்னுக்கு இழுத்தான். கயிறு முறுகியது, அவன் முதுகுத் தோல் கூடாரம் மாதிரி எழும்பியது.   இவன் தலைகுப்புற விழப் போகிறான் என்று நினைத்துக் குதிக்காலை மண்ணில் ஊன்றி, இருந்த பலம் எல்லாத்தையும் போட்டுப் பின்னுக்கு இழுத்துப் பிடித்தேன். அவன் இழுத்தான். நான் பிடித்தேன். பூமணி பக்கத்தில் மெதுவாக நடந்தாள். அப்படியே வாசலுக்கு வந்து சேர்ந்தோம்.

அம்மாளுக்கு முன்னால் பூசாரியார் குணத்தின் வாயிலிருந்து வேலை உருவினார். திருநீறு வைத்து அமர்த்தினார். கூட்டம் அப்படியே அடங்கியது. மேளக்காரர் கையைத் தூக்கியபடி நின்றார்கள். இவ்வளவும் நடந்த பிறகு அம்மாள் குணத்தின் வாயால் ஒரு வாக்குச் சொல்லாமல் விடமாட்டாள் என்று ஊர் நம்பியது. எல்லாரும் கை கூப்பிக் கிட்ட வந்து காதைக் கொடுத்தார்கள்.

குணம் நாக்கால் உதட்டை ஈரப்படுத்தினான். மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தான்.

"மச்சான், மெசினை விட்டு இறங்கியும் பிரேக்கிலதானா நிக்கிற? என்ட முதுகு பிஞ்சு போச்சு."

பின் வரிசையிலிருந்து காது கேட்காத ஒரு பெரியம்மா, "அம்மாள் என்ன சொல்லுறா?" என்று கேட்டார்.

வண்ணக்கர் முகத்தை அசைக்காமல் சொன்னார்: "பிரேக்கை விடட்டாம்."

நெஞ்சில் தையல் போட்ட நாளிலிருந்து, சிரிப்பு வந்தால் பூமணி கையால் நெஞ்சைப் பொத்திக்கொண்டு பாதியில் நிறுத்திவிடுவாள். அன்றைக்கு அம்மாள் வாசலில் இரண்டு கையாலும் அண்ணனின் தலையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, முழுச் சிரிப்பையும் சிரித்தாள். அவள் சிரித்து முடியும்வரை ஒருவரும் மேளத்தில் கை வைக்கவில்லை.